மேல் டிவிஷன் மன்றத்தில் கேட்க வந்தவர்கள்

கூனமலை எஸ்டேட்டின் மேல் டிவிஷனுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து முதல் பேராசிரியர் ஜீப்பில் வந்து இறங்கித் தேனீக்களைப் பற்றிப் பேசிய சனிக்கிழமை மத்தியானம், தொழிலாளர் மன்றத்தில் போட்டிருந்த நாற்காலிகளில் முக்கால்வாசி காலியாகக் கிடந்தன. அவர் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தேனீக்கு ஐந்து கண்கள் உண்டு என்று சொன்ன இடத்தில், தேயிலைப் பக்கம் திறக்கும் பின்கதவு வழியாக அந்த மலையில் செத்துப் புதைக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து காலி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

வாசலில் நின்று காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுத்தான் வந்தார்கள். முதலில் வந்தவர் பழைய கங்காணி ஒருவர், எஸ்டேட்டில் காட்டுமாடு முட்டிச் செத்தவர். அவருக்குப் பின்னால் பிரசவத்தில் போன செல்லத்தாய் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வந்தாள். அப்புறம் காமாலையில் போனவர்கள், ஆற்றில் போனவர்கள், வயதாகிப் போனவர்கள், கடைசியாகச் சின்னப் பிள்ளைகள். மேடை ஓரத்தில் மைக் செட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சூசை, பிள்ளைகள் வரிசையில் தன் மகன் டொமினிக் வருவதைப் பார்த்தான். மூளைக் காய்ச்சலில், ஒன்பது வயதில், மழையில் ரோடு அடைத்துக் கிடந்த வாரத்தில் செத்த பையன். புதைத்த அன்று போட்டுவிட்ட அதே நீலச் சட்டையோடு வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, தேனீக்களைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தான்.

யாரும் கத்தவில்லை. பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார் என்பது ஒரு காரணம், பேசுகிற பெரியவர் முன்னால் எழுந்து ஓடுவது அந்த ஊரில் வழக்கமில்லை. சூசை மட்டும் மெதுவாக வெளியே நழுவி, லைன் வீடுகளுக்குப் போய்த் தன் மனைவி ஆரோக்கியத்தைக் கூட்டிவந்தான். அவள் அடுப்பில் வைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். மகன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைத் தொட்டாள். மார்கழிக் காலையில் குழாயைத் தொட்டது போல இருந்தது. "டோமி" என்றாள். பையன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை, பேசாதே என்று உதட்டில் விரலை மட்டும் வைத்தான். அவனுக்குத் தேனீக்களைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தது.

பேச்சு முடிந்ததும் அவர்கள் எழுந்து, வந்த வழியே தேயிலைக்குள் இறங்கிப் போனார்கள். பேராசிரியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, இத்தனை கவனமாகக் கேட்கிற கூட்டத்தைத் தான் எங்கும் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அடுத்த மாதம் நிலாவைப் பற்றிப் பேச வந்தவருக்கு மன்றத்தில் உட்கார இடம் போதவில்லை. அதற்கடுத்த மாதம் கல்வெட்டுகளைப் பற்றிப் பேச வந்த அம்மாளுக்காக மாதா கோவிலிலிருந்தும் மாரியம்மன் கோவிலிலிருந்தும் பெஞ்சுகள் தூக்கிக்கொண்டு வரப்பட்டன. ஊர் அதற்கென்று பழக்கங்களை மெல்ல மெல்ல உண்டாக்கிக்கொண்டது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்களுக்கு நடுவில் ஓர் இருக்கையைக் காலியாக விட்டு உட்கார வேண்டும் என்று ஆயிற்று. செத்தவர்கள் சாப்பிடுவதில்லை என்று தெரிந்த பிறகும் பெண்கள் முறுக்கும் கடலையும் கொண்டுவந்து அந்த இருக்கைகளில் வைத்தார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவர்கள் மாதத்துக்கு ஒருமுறை அந்த சனிக்கிழமைக்காக பஸ் ஏறி வந்தார்கள். செல்லத்தாய் பெற்றுப்போட்ட பெண்ணுக்கு அப்போது ஆறு வயது, அவள் தன் அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்து, சர்க்கரை நோயைப் பற்றியும் வாக்குரிமையைப் பற்றியும் பேசியதெல்லாம் முடியும்வரை அந்தக் குளிரில் நடுங்கிக்கொண்டே இருந்தாள். ஒருவனுக்கு இரண்டு பெண்டாட்டிகள், அவன் இருந்தபோது முகம் கொடுத்துப் பேசாதவர்கள், அவனுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள். பெண்டாட்டியை அடித்தே கொன்றவன் என்று எல்லோருக்கும் தெரிந்த பரமன் மட்டும் அந்த மத்தியானங்களில் கீழே ஆத்துப்பாலம் டவுனுக்கு இறங்கிப் போய், எங்கேயாவது ஒரு கடையில் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தான்.

வேறு யார் பேசினாலும் செத்தவர்கள் வரவில்லை. எம்.எல்.ஏ. வந்து ஒரு மணி நேரம் பேசிப் பார்த்தார், பின்கதவு அசையவில்லை. பாதிரியார் பேசினார், யூனியன்காரர் பேசினார், ஒருவன் பேராசிரியரின் பேச்சைச் செல்போனில் பதிந்து வைத்திருந்து மறுவாரம் மைக்கில் போட்டான். யாரும் வரவில்லை. பல்கலைக்கழகத்து ஆள் நேரில் நின்று, தனக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்ல வேண்டும் என்று மெய்யாகவே நினைத்துப் பேசினால்தான் வந்தார்கள். அதனால் ஊர்க்காரர்கள் பேச்சு முடியவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். "சார், அதை இன்னும் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க" என்று ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்தார்கள். பேசுகிறவர் மறுபடி ஆரம்பிப்பார், கேட்டவர் உட்கார்ந்து தன் செத்த தம்பியின் காது மடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அறிவுத் தாகம் கொண்ட மலைக் கிராமம் என்று ஒரு பத்திரிகை படம் போட்டு எழுதியது.

ஆரோக்கியத்தின் தங்கை அமலோற்பவத்துக்கு அந்த மலையில் செத்தவர்கள் யாரும் இல்லை. அப்பாவும் அம்மாவும் சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊரில் போய்ச் செத்தார்கள். புருஷன் கேரளாவுக்கு மரம் வெட்டப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு நலமாக இருந்தான். கொழுந்து பறித்து, அக்கா வீட்டுக்கு அடுத்த வீட்டில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்த அவளைப் பார்த்து, பாவம், அவளுக்கென்று வர ஒருத்தருமில்லை என்று மற்றப் பெண்கள் இரக்கப்பட்டார்கள்.

அவளும் டொமினிக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்ததும் அவனைக் கையில் வாங்கியவள் அவள். ஆனால் அவனுக்கு இரண்டு பக்கமும் அக்காவும் அத்தானும் உட்கார்ந்துவிடுவதால் பின்வரிசையிலிருந்து பிடரியை மட்டும்தான் பார்க்க முடிந்தது. அந்தப் பிடரி பேசுகிறவர் பக்கம் அப்படியே நிமிர்ந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து, இவன் அப்படி என்னதான் கேட்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் கேட்பதைத் தானும் கேட்டால் அவன் பக்கத்தில் இருப்பது போல இருக்கும் என்று நினைத்துக் கேட்கத் தொடங்கினாள். இப்படியாக, உயிரோடு இருந்தவர்களில் அந்த மன்றத்தில் பேச்சைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

ஆடி மாதம் மண்ணியல் பேராசிரியை மெகருன்னிசா வந்தார். குட்டையான, அதிராமல் பேசுகிற பெண். காலையிலேயே வந்து, லைன் வீடுகளுக்கு மேலே ஏறி, எல்லாவற்றையும் நடந்து பார்த்துவிட்டுத்தான் மேடைக்கு வந்தார். சுவரில் படங்களைக் காட்டி, காட்டு மரத்தின் வேர் எவ்வளவு ஆழம் போகும், தேயிலை வேர் எவ்வளவு போகும், வீடு கட்ட மலையின் அடியை வெட்டினால் என்ன ஆகும், உச்சியில் வெடிப்பு விழுந்து அதற்குள் மழை இறங்கினால் மண் எப்படிக் கூழாகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"வேற ஊர்க் கதை சொல்லல. இந்த மலையைத்தான் சொல்றேன்" என்றார். "உங்க வீட்டுக்கு மேல வெடிப்பு இருக்கு. காலையில கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போகுது. நேரா நிக்கிற மரம் சாயும். நல்லா சாத்துன கதவு சாத்தாது. ஊத்துத் தண்ணியில சேறு வரும். இதெல்லாம் சேர்ந்து வந்துதுன்னா பாத்திரம் பண்டத்தைப் பார்க்காதீங்க. இறங்கிடுங்க."

அப்போது, அத்தனை மாதங்களில் நடக்காத ஒன்று நடந்தது. செத்தவர்கள் பேசுகிறவரை விட்டுக் கண்ணை எடுத்தார்கள். நாற்காலிகள் கிறீச்சிட, ஒவ்வொருவரும் திரும்பித் தன் பக்கத்தில் இருந்த உயிருள்ள முகத்தைப் பார்த்தார்கள். செல்லத்தாய் மடியிலிருந்த மகளைப் பார்த்தாள். கங்காணி பேரனைப் பார்த்தார். டொமினிக் முதலில் அப்பாவையும் பிறகு அம்மாவையும் பார்த்தான், வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை.

மன்றம் முழுக்க அழுகை எழுந்தது. தான் சொன்னது அவர்கள் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று மெகருன்னிசா நினைத்தார்.

அன்று சாயங்காலம் ஆரோக்கியம் பித்துப் பிடித்தவள் போல வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தாள். "என்னைப் பார்த்தாண்டி அமலா. இத்தனை மாசம் கழிச்சு என் முகத்தைப் பார்த்துட்டான்."

"அக்கா, அந்த அம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டியா?"

"கண்ணு அப்படியேதான் இருக்கு. பீளைகூட இல்ல."

"அவன் பாசத்துல பார்க்கல, அக்கா. பயத்துல பார்த்தான்."

"செத்த பிள்ளைக்கு என்னடி பயம்?"

"நமக்காக."

ஆரோக்கியம் தங்கையை உற்றுப் பார்த்தாள். "உனக்குன்னு ஒண்ணு வந்து உக்காந்து உன்னைப் பார்த்திருந்தா நீ இப்படிப் பேச மாட்ட" என்றாள்.

மழை பிடித்துக்கொண்டது. லைனுக்குக் கீழே இருந்த சவுக்கு மரங்கள் குடிகாரர்கள் போலத் தோள் சாய்ந்து நின்றன. அமலா வீட்டுக் கதவு பாதியில் முட்டி நின்றது, பக்கத்து வீட்டிலும் அப்படித்தான், மழைக்குக் கட்டை ஊதிவிட்டது என்று ஆசாரி வந்து இழைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஊற்றில் தண்ணீர் முதலில் டீ நிறத்திலும் பிறகு செங்கல் நிறத்திலும் வந்தது, பெண்கள் துணியால் வடிகட்டிக் குடித்தார்கள். அமலா எஸ்டேட் ஆபீசுக்குப் போய்ச் சொன்னாள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நிற்கிற மலை, நீ வந்ததும் விழுந்துவிடுமா என்று மேனேஜர் கேட்டார். வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். நம்பாதவர்கள் சிரித்தார்கள், நம்பியவர்கள் தரையைப் பார்த்தார்கள். "விழட்டும், அமலா. நாங்க கீழ போயிட்டா அவங்க எங்க வருவாங்க?" என்று செல்லத்தாயின் புருஷன் கேட்டான். ஊர் முழுக்க அந்தக் கேள்விதான் இருந்தது. மலைக்குக் கீழே அவர்களுக்கு வீடும் கிடையாது, புதைத்தவர்களும் கிடையாது.

அவள் மெகருன்னிசாவுக்குப் போன் போட்டாள்.

"மேடம், ஊத்துல சேறு வருது."

"கதவு?"

"எங்க லைன்ல ஒண்ணும் சாத்த முடியல."

"எல்லாரையும் கூட்டிக்கிட்டு இறங்குங்கம்மா. நான் கலெக்டர் ஆபீசுக்குச் சொல்றேன்" என்றார்.

"வர மாட்டாங்க. சனிக்கிழமை மன்றத்துல கூட்டம் இருக்கு."

"அதை நிறுத்திடச் சொல்றேன்."

"நிறுத்தாதீங்க மேடம். இடத்தை மாத்துங்க. ஆத்துப்பாலம் பள்ளிக்கூடத்துல வச்சு நீங்களே பேசுங்க. யுனிவர்சிட்டிக்காரங்க பேசறாங்கன்னா இறங்குவாங்க."

"எங்க பேச்சுக்காகவா?"

"ஆமா மேடம்."

வருவதாகச் சொன்னார்.

அமலா மறுபடி வீடு வீடாகப் போனாள். இந்த மாதப் பேச்சு கீழே பள்ளிக்கூடத்தில் என்றாள். ஒவ்வொரு வீட்டிலும் அடுத்து வந்த கேள்விக்கு, முகத்தில் எதுவும் காட்டாமல், "வருவாங்க. பேச்சு எங்கயோ அங்க வருவாங்க. பேராசிரியரே சொன்னாங்க" என்றாள். அக்காவிடமும் அதையே சொன்னாள். ஆரோக்கியம் நம்பினாள். தங்கை அதுவரை அவளிடம் பொய் சொன்னதில்லை.

சனிக்கிழமை மழை சாட்டை போல விழுந்துகொண்டிருந்தது. ஜீப்புகளிலும் கொழுந்து ஏற்றும் டிராக்டரிலும் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு மேல் டிவிஷன் முழுக்க இறங்கியது. கட்டிலோடு கிடந்தவர்களைத் தோளில் தூக்கி வந்தார்கள். பெண்கள் பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலைகளைக் கட்டியிருந்தார்கள். பள்ளிக்கூட ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, தங்களுக்கு நடுவில் இடம் விட்டு, மடியில் தின்பண்டத்தோடு உட்கார்ந்தார்கள். மெகருன்னிசா நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு வந்து நின்றார். வணக்கம் சொன்னார். பேசத் தொடங்கினார்.

அவர் நன்றாகத்தான் பேசினார். ஆனால் ஹாலின் பின்கதவுக்கு வெளியே மைதானமும் மழையும் மட்டும் இருந்தன. விட்டிருந்த இடங்கள் காலியாகவே இருந்தன. செல்லத்தாயின் மகள் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, எதன் மேல் ஏறுவது என்று தெரியாமல் அப்பாவைப் பார்த்தாள். ஜனங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எல்லோரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி அமலாவைப் பார்த்தார்கள்.

சூசை எழுந்தான். கோபக்காரன் அல்ல அவன், குரலை உயர்த்தாமல்தான் கேட்டான். "அமலா, வருவாங்கன்னு சொன்னியே."

அவள் எழுந்து நின்றாள்.

"அவன் மேல வந்து உக்காந்திருப்பான்" என்றான் சூசை. "நாங்க ரெண்டு பேரும் இல்லைன்னா தேடுவான்ல."

"அத்தான், போகாதீங்க. மலை நிக்காது, அத்தான்."

"மலை நிக்கட்டும், விழட்டும். பிள்ளை தனியா இருப்பான்."

அவனோடு சிலர் எழுந்தார்கள், செல்லத்தாயின் புருஷனும் எழுந்தான். மெகருன்னிசா மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து கைகளை விரித்து வாசலில் நின்றார். அவர்கள் மரியாதையாக அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். செல்லத்தாயின் புருஷன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனான். ஜீப்பில் ஏறப் போகும்போது குழந்தை மழையைப் பார்த்துச் சிணுங்கியது, ஒரு பெண் அதைத் தன் குடைக்குள் இழுத்துக்கொண்டாள், அவனும் சரி என்று விட்டுவிட்டான். அப்படித்தான் அந்தக் குழந்தை பிழைத்தது.

ஆரோக்கியம் சூசைக்குப் பின்னால் ஓடினாள். அமலா பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். ஆரோக்கியம் அவள் கையைக் கடித்தாள், முழங்கையால் முகத்தில் இடித்தாள், "விடுடி, பாவி, விடு" என்றாள். அமலா விடவில்லை. இரண்டு பேரும் வராந்தாத் தரையில் விழுந்தார்கள். ஜீப் புறப்பட்டுப் போய்விட்டது.

ஆத்துப்பாலத்திலிருந்து பார்த்தால் மன்றம் தலைக்கு நேர் மேலே, மலையின் தோளில் தெரியும். அன்று மேகத்தில் தெரியவில்லை. ஆனால் அதன் கூரையில் சூசை கட்டி வைத்திருந்த குழாய் ஸ்பீக்கர் பள்ளத்தாக்கைப் பார்த்திருந்தது, தேயிலைக் காட்டில் கொழுந்து பறிப்பவர்களுக்கும் அறிவிப்பு கேட்க வேண்டும் என்று அவனே அப்படித் திருப்பி வைத்திருந்தான். மழை சற்றுத் தணிந்த நேரத்தில் மேகத்துக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"ஹலோ, ஹலோ. மைக் டெஸ்டிங்."

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் வராந்தாவுக்கு வந்தார்கள்.

"எல்லோருக்கும் வணக்கம்" என்றது குரல், பேராசிரியர்கள் சொல்வது போலவே நிறுத்தி, நிதானமாக. "இன்னைக்கு நாம பார்க்கப் போறது."

அதோடு நின்றது. அத்தனை பேச்சுக்கும் மைக் வைத்தவன் அவன், ஆனால் மகனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு பேச்சையும் கேட்டதில்லை. ஸ்பீக்கரின் இரைச்சல் மட்டும் பள்ளத்தாக்கில் சுற்றியது.

"இன்னைக்கு நாம பார்க்கப் போறது" என்று மறுபடி ஆரம்பித்தான். "டொமினிக். சூசை மகன் டொமினிக். மூணாம் வகுப்பு படிச்சான். அவனுக்கு அட்டைன்னா பயம். மழைக்காலத்துல டவுசர் பையில உப்புப் பொட்டலம் வச்சுக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவான். உப்பு கரைஞ்சு தொடையெல்லாம் புண்ணாயிடும், அப்பவும் விடமாட்டான். கொய்யாப் பழத்துல விதையை மட்டும் தின்னுட்டு மத்ததை அவங்க அம்மாகிட்ட குடுத்துருவான். தூக்கத்துல சிரிப்பான். காய்ச்சல் வந்தப்போ, அப்பா, ரோடு எப்போ திறப்பாங்கன்னு கேட்டான். காலையிலன்னு சொன்னேன். ரோடு போட்ட ஆளுகளுக்குத் தெரியும், எனக்கு என்ன தெரியும். காலையிலன்னு சொல்லிட்டேன்."

மெகருன்னிசா வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஊரில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. ஆரோக்கியம் திமிறுவதை நிறுத்தியிருந்தாள். தங்கையின் பிடிக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மேலே பார்த்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

குரல் மாறியது. பேசுகிறவன் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பியது தெரிந்தது.

"வாடா" என்றான் சூசை. "இங்க இடம் இருக்கு, வா. அம்மா கீழ இருக்காடா. எல்லாரும் வாங்க. காலைத் தட்டிட்டு வாங்க. வந்து உக்காருங்க."

"வந்துட்டான்" என்றாள் ஆரோக்கியம்.

பிறகு மேகத்துக்குள் ஏதோ புரண்டது. ஜல்லி ஏற்றிய லாரிகள் எல்லாம் ஒன்றாகக் கொட்டியது போல நீளமான சத்தம், பள்ளிக்கூடத்துத் தரை வழியாகக் கால்களுக்கு ஏறியது. அது அடங்கியபோது ஸ்பீக்கரின் இரைச்சலும் இல்லை.

மேகம் விலகியபோது லைன் வீடுகளும் மன்றமும் கல்லறைத் தோட்டமும் இருந்த இடத்தில் சிவப்பாக, ஈரமாக ஒரு சரிவு இருந்தது. இயந்திரங்கள் வந்து தோண்டின. மழை தோண்டிய குழிகளை மூடியது. ஏற்கெனவே புதைக்கப்பட்டவர்களையும் அன்று புதைந்தவர்களையும் பிரித்து அடையாளம் காண முடியாது என்று சொல்லி, பாதிரியாரும் பூசாரியும் சேர்ந்து ஒரே சடங்காக முடித்தார்கள்.

மேல் டிவிஷன்காரர்களுக்கு ஆற்றோரம் தகர ஷெட்டுகள் போட்டுக் கொடுத்தார்கள். அமலாவால்தான் உயிரோடு இருக்கிறோம் என்பதை யாரும் மறுக்கவில்லை, அதற்காக யாரும் அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லவுமில்லை. அவள் வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆரோக்கியம் அவள் ஷெட்டுக்கு எதிர் ஷெட்டில் இருந்தாள், காலையில் முகம் கழுவ வெளியே வரும்போது முதுகைக் காட்டிக்கொண்டு கழுவினாள்.

பல்கலைக்கழகத்தார் மறுபடி வந்தார்கள், பள்ளிக்கூட ஹாலில் பேசினார்கள். கூட்டம் குறையவே இல்லை. ஜனங்கள் பழைய வழக்கப்படி இடம் விட்டு உட்கார்ந்தார்கள், கதவைப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. மாதங்கள் போகப் போக, முதலில் தின்பண்டம் கொண்டுவருவது நின்றது, பிறகு இடம் விடுவது நின்றது. திருப்பூர்க்காரர்கள் வருவதை நிறுத்தினார்கள். பரமன் ஒருநாள் உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான், யாரும் போகச் சொல்லவில்லை.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் மெகருன்னிசா வந்தார். மெலிந்திருந்தார். ஆற்றோரம் குடியிருப்பவர்கள் வெள்ளத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை என்று ஏதோ தயார் செய்து வந்திருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் ஆரோக்கியம் எழுந்தாள்.

"மேடம், அன்னைக்கு மேல நீங்க பேசினப்போ நான் ரெண்டாவது வரிசையில இருந்தேன்" என்றாள். "ஒரு வார்த்தை கேக்கல. அதைத் திரும்பச் சொல்லுவீங்களா?"

"இப்போ எதுக்கும்மா அது?"

"கேக்கணும்."

மெகருன்னிசா ஹாலைப் பார்த்தார். யாரும் ஆரோக்கியத்தை உட்காரச் சொல்லவில்லை. அவர் தன் தாள்களை மேசை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, காட்டு மரத்தின் வேர் எவ்வளவு ஆழம் போகும் என்பதிலிருந்து ஆரம்பித்தார். வெடிப்பைச் சொன்னார், சாயும் மரத்தைச் சொன்னார், கதவையும் ஊற்றையும் சொன்னார். வேற ஊர்க் கதை சொல்லல என்று தான் அன்று சொன்ன இடத்தில் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, அதையும் விடாமல் சொன்னார். ஹாலில் இருமல்கூட இல்லை. கைக்குழந்தைக்காரிகள்கூட அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பேச்சு முடிந்த பிறகு ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

வெளியே தூறல். அமலா வழக்கம் போல எல்லோரும் போகட்டும் என்று ஒதுங்கி நின்றாள். ஆரோக்கியம் படியிறங்கி வந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, அவள் பக்கத்தில் நின்றாள். அக்காவின் முகத்தை அத்தனை அருகில் அமலா பார்த்து நாளாகியிருந்தது. வயதாகிவிட்டிருந்தது.

"நீ பிடிக்காம விட்டிருந்தா நாங்க மூணு பேரும் ஒண்ணா இருந்திருப்போம்" என்றாள் ஆரோக்கியம்.

"ஆமாக்கா."

"பொய் சொன்னாலும் சொன்ன, அதோட விட்டிருக்கலாம்."

"ஆமாக்கா."

"ஏன் விடல?"

"கையை எடுக்க முடியல" என்றாள் அமலா.

ஆரோக்கியம் அவள் முன்கையைப் பிடித்துத் திருப்பி, தான் கடித்த இடத்தில் இருந்த தழும்பைப் பார்த்தாள். கட்டை விரலால் அதை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள், இன்னும் வலிக்கிறதா என்று பார்ப்பது போல. பிறகு கையை விட்டாள்.

"தண்ணி லாரி வர்ற நேரம்" என்றாள். "நான் போய் வரிசையில நிக்கேன். நீ ரெண்டு பேரு குடத்தையும் எடுத்துக்கிட்டு வா."

அவள் முன்னால் நடந்தாள். அமலா ஷெட்டுக்குப் போய்க் குடங்களை எடுத்தாள்.